சத்தம் போடாத மெஷின்

ஆபீஸில் அவளுக்குப் பெயர் கத்தரி அக்கா. நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மெஷின்களைச் செய்கிற சின்ன கம்பெனி அது. மெஷினுக்குள் இருக்கும் சிப்போ நகத்தளவு. எழுதுகிற புரோகிராமோ வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகும். அதைக் கத்தரித்து, அமுக்கி, உள்ளே திணிப்பதுதான் பதினாறு வருஷமாக அவள் பிழைப்பு. கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டுவாள். அவள் எழுதியதை கம்பைலர் மெஷினுக்குப் புரிகிற மொழியில் மாற்றிக் கொடுக்கும்.

பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கியவள், திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காவிட்டால் அன்றைய பொழுது ஓடாது. "கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, அதுக்கும் சேர்த்துக் கவலைப்படுவே நீ" என்பார் கணவர். ஆபீஸிலும் அதே கூத்துதான். போன வருஷம் மட்டும் இரண்டு தடவை, மெஷின் ஏற்றிய வண்டியை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரு குறையும் இல்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

இந்தத் தடவை, திரையில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். பெரிதாக்கினால் புரோகிராம் சிப்புக்குள் அடங்க மாட்டேன் என்றது. நானூறு பைட் அதிகம். அவள் கட்டளையின் வாலில் "மைனஸ் ஓ எஸ்" என்று சேர்த்தாள். வேண்டாததை வெட்டி அளவைக் குறை என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி அது. ஜம்மென்று அடங்கிவிட்டது. சோதனையில் எல்லாம் பாஸ். திங்கட்கிழமை ஒரு மெஷின், பழகிப் பார்க்கட்டும் என்று, ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

அத்தோடு விடுவாளா? வேண்டாதது என்று கம்பைலர் எதை வெட்டியது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பைலர் மாற்றிக் கொடுத்ததன் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். மூன்று நாள் போனது. வியாழன் காலை, மருந்து நின்றால் அலாரம் அடிக்க வைக்கும் வரிகளுக்கு வந்தாள்.

அது அவளே என்றோ எழுதியது. பஸ்ஸரை அடிக்க விடு, மூன்று லட்சம் வரை எண்ணு, பிறகு நிறுத்து. எண்ணி முடிக்கிற நேரம்தான் சத்தம் கேட்கிற நேரம். கம்பைலருக்கு அந்தக் கணக்கு எங்கே தெரியும்? எண்ணுகிறாள், எண்ணியதை வைத்து ஒன்றும் செய்யவில்லை, தண்ட வேலை என்று முடிவு கட்டி, எண்ணுவதை அப்படியே தூக்கிவிட்டிருந்தது. அடிக்க விடு, நிறுத்து. நடுவில் ஒன்றுமே இல்லை.

சோதனைப் பிரிவுக்கு ஓடினாள்.

"அண்ணே, அலாரம் டெஸ்ட் பண்ணீங்கல்ல? சத்தம் காதால கேட்டீங்களா?"

சோதனைக்காரர் தலையைச் சொறிந்தார். "அலாரம் 'ஆன்'னு ரிப்போர்ட்ல வந்துச்சே அக்கா. பஸ்ஸரைக் கழட்டி வெச்சு ஒரு வருஷமாச்சு. நாள் பூரா கத்துது, காது போகுதுன்னு நீங்க எல்லாரும்தானே கூடி நின்னு சண்டை போட்டீங்க?"

உண்மைதான். முதலில் சண்டை போட்டதே அவள்தான். பஸ்ஸரை மாட்டி, மெஷினின் குழாயை மடித்துப் பிடித்தார்கள். மருந்து நின்றது. நகம் வெட்டின மாதிரி "டிக்" என்றது மெஷின். அவ்வளவுதான்.

மேனேஜர் நம்பவில்லை. "ஆரம்பிச்சுட்டியாம்மா? இது மூணாவது தடவை."

"சார், இந்தத் தடவையும் நான் தப்பா இருந்தா ரொம்ப சந்தோஷம் சார். நீங்க திட்டிக்கோங்க. ஆனா அங்க மருந்து நின்னா யாருக்கும் தெரியாது சார்!" அவர் போனை எடுத்தார். ஆஸ்பத்திரி வார்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் பழைய மெஷின் ஒன்றை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் உயிர் போய் உயிர் வந்தது. பெட்டியின் மூலையை அவள் விரல்கள் பிய்த்துக்கொண்டே இருந்தன.

வார்டு நர்ஸ் சிரித்த முகத்தோடு வந்தாள். "உங்க மெஷினா? தங்கமான மெஷின்! மத்ததெல்லாம் உயிரை வாங்கும். இது மூணு நாளா ஒரு சத்தம்கூடப் போடலை."

கத்தரி அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "ஆள் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். ஆறாம் கட்டிலைக் கை காட்டினாள் நர்ஸ். படுத்திருந்தவரின் மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மெஷின் தனக்குள் பதிந்து வைத்திருந்த கணக்கைத் திறந்தாள். மூன்று நாளில் மருந்து நின்றது பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் யாரோ சரிசெய்திருக்கிறார்கள்.

"யாரு பாத்தாங்க?"

"இந்தம்மாதான் ஓடி வந்து கூப்பிடுவாங்க" என்றாள் நர்ஸ்.

கட்டிலருகே அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "செவப்பு லைட்டு மினுக்கும்மா. மினுக்கினா மருந்து நின்னுடுச்சுன்னு அர்த்தம். அதான் கண்ணை எடுக்கறதில்லை. கண் அசந்துடுமோன்னு நின்னுக்கிட்டே இருப்பேன். நல்ல மெஷின் குடுத்தீங்க, நீங்க மகராசியா இருக்கணும்."

கத்தரி அக்கா நர்ஸை வைத்துக்கொண்டு பழைய மெஷினை மாட்டி, குழாயை ஒரு கணம் மடித்துப் பிடித்தாள். வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. அந்த அம்மா பதறி எழுந்தாள்.

"பயப்படாதீங்கம்மா. மருந்து நின்னா இப்படித்தான் கத்தணும். அந்தப் புது மெஷின் கத்தலை. தப்பு என்னோடதும்மா, நான்தான் அதைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

அந்த அம்மா புது மெஷினையும் பழைய மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள், கத்துவாள் என்று இவள் காத்திருந்தாள்.

"அப்போ இந்த மூணு நாளும் நான் தூங்கியிருக்கலாமாம்மா?" என்று கேட்டாள் அந்த அம்மா.