கேரம் போர்டில் முட்டி நின்ற சமன்பாடு

ஆவடியில் நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் வருடத்துக்கு ஒருமுறை கேரம் போட்டி நடக்கும். தொழிற்சாலை ஊழியர்களின் குடும்பங்களுக்காக அங்குள்ள கிளப் நடத்துவது. என் கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருடம் பெண்கள் இரட்டையர் பிரிவுக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் எதிர் வீட்டுக்காரி. மதுரைப் பக்கத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவள். சாதாரணமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவள், ஸ்டிரைக்கரைத் தொட்டுவிட்டால் முகமே மாறிவிடும்.

"எனக்கு ஆடத் தெரியாதேம்மா" என்றேன்.

"அடிக்க நான் இருக்கேன்க்கா. நீங்க கணக்கு டீச்சர்தான? எந்தக் கோணத்துல அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உலகத்தில் நடக்கிற எதையும், பொறுமை மட்டும் இருந்தால், சமன்பாடாக எழுதிவிடலாம் என்று நம்புகிறவள் நான். அந்த நம்பிக்கையை யாரிடமும் விவாதித்தது கிடையாது. விவாதிக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்லுகிற கணக்குக்குக் கேரம் காய் எம்மாத்திரம்?

அன்று மாலையே மடிக்கணினியில் ஒரு ப்ரோக்ராம் எழுத ஆரம்பித்தேன். ஸ்டிரைக்கர் ஒரு காயை இடித்தால் இரண்டும் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகும்? எழுதி முடித்ததும் கிளப்புக்கு ஓடி, போர்டில் பென்சிலால் லேசாகக் கோடு போட்டுப் பார்த்தேன். ப்ரோக்ராம் சொன்ன கோட்டிலேயே காய் போனது! கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். கிளப் ஹாலைப் பார்த்துக்கொள்கிற அண்ணன், அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பதறி ஓடி வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, போர்டு மேல கோடு போட்டுகினு கீறீங்க? கமிட்டிக்குத் தெரிஞ்சா என் தலைதான் உருளும்."

"அழிச்சிடறேன் அண்ணே. இங்க பாருங்க, காய் எங்க போவும்னு முன்னாடியே சொல்றேன்."

சொன்னேன். அவரே அடித்தார். காய் நான் சொன்ன இடத்துக்குத்தான் போனது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சர்தான், நல்லா தொடச்சிட்டுப் போங்க" என்றார்.

முதல் சுற்றில் ஜெயித்தோம். இரண்டாவது சுற்றில், எதிர் ஓரத்தில் பட்டுத் திரும்பி வந்து காயைத் தள்ளுகிற அடி ஒன்று. நான் விரலால் ஒரு இடத்தைக் காட்ட, எதிர் வீட்டுக்காரி அங்கேயே அடிக்க, காய் பாக்கெட்டில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் 'ஓ' என்று கத்தினார்கள். அதிலும் ஜெயித்து இறுதிச்சுற்றுக்குப் போனோம். இந்தச் சுற்றுகள் நடந்த இரண்டு வாரமும் என் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் எனக்கு அடுத்த ஆசை வந்தது. ஆட்டத்தின் முதல் அடி. நடுவில் பத்தொன்பது காய்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பூ மாதிரி அடுக்கியிருக்கும். அந்த அடியில் எந்தக் காய் எங்கே சிதறும் என்று சொல்லிவிட்டால் இறுதிச்சுற்று எங்களுடையதுதான்.

ப்ரோக்ராமில் பத்தொன்பது காய்களையும் அடுக்கி ஓடவிட்டேன். அழகாகச் சிதறின. ஏதோ காரணத்துக்காகக் காய்களின் வரிசை எண்களை மாற்றி எழுதி மறுபடி ஓடவிட்டேன். வேறு மாதிரி சிதறின. அடியில் மாற்றமில்லை, அடுக்கிலும் மாற்றமில்லை. எந்தக் காய்க்கு எந்த எண் என்பது மட்டும்தான் மாறியிருந்தது. ஒரு காய்க்கு நான் ஒன்று என்று பேர் வைத்தால் என்ன, ஏழு என்று வைத்தால் என்ன? அது எப்படிப் போகும் திசையை மாற்றும்?

எழுத்துப் பிழை என்று நினைத்தேன். வரி வரியாகத் தேடினேன். சோற்றை வடிக்கும்போதும் அதே யோசனை. பிழை அகப்படவே இல்லை.

ஒருநாள் கல்லூரிப் பேருந்து பூந்தமல்லிக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. பத்தொன்பது வேண்டாம், மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று ஒரு காகிதத்தை எடுத்தேன். ஒரு ஸ்டிரைக்கர். அதற்கு நேராக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு காய்கள். இடித்த பிறகு மூன்றின் வேகமும் தெரிய வேண்டும். எழுதக்கூடிய சமன்பாடுகள் இரண்டுதான்: மொத்த உந்தம் மாறக்கூடாது, மொத்த ஆற்றல் மாறக்கூடாது. தெரியாதவை மூன்று, சமன்பாடு இரண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இதற்கு ஒரே விடை கிடையாது என்று. எண்ணிமுடியாத விடைகள் உண்டு, எல்லாமே சரி!

"ஐயோ!" என்று சத்தமாகக் கத்திவிட்டேன்.

பின் இருக்கையில் இருந்த இயற்பியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பாடியில் வீடு அவருக்கு. "இன்னா ஆச்சு மேடம்? எதுனா வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

காகிதத்தை நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உங்க ப்ரோக்ராம்ல தப்பே இல்ல மேடம். வரிசை எண் பிரகாரம் முதல்ல எது இடிக்குதுன்னு அது தானா ஒண்ண முடிவு பண்ணிக்குது. அவ்ளோதான். நீங்க எழுதியிருக்கறது துளிகூட நசுங்காத காய். அப்படி ஒரு காய் உலகத்துல எங்க கீது?"

"அப்போ நசுங்கறதையும் சேத்து எழுதிட்டா ஒரே விடை வந்துடுமா?"

"வரும். ஆனா காய் எந்த எடத்துல எவ்ளோ நெருக்கமா தொடுது, விளிம்பு எங்க தேஞ்சிருக்கு, பவுடர் எங்க ஒட்டியிருக்கு, இதெல்லாம் உங்களுக்கு யாரு வந்து சொல்லுவா? ஒரு மயிரிழை மாறினா எல்லாம் மாறிப்பூடும்."

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் முட்டியது என்னுடைய திறமைக் குறைவில் அல்ல என்பது புரிந்துவிட்டது. கணக்கின் சுவரிலேயே போய் முட்டியிருந்தேன், அதுவும் ஒரு கேரம் போர்டின் மேல். "சனிக்கிழமை கிளப்புக்கு வர முடியுமா உங்களால?" என்று கேட்டேன்.

வந்தார். பிளம்பரிடம் வாங்கிய பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து எடுத்து வந்திருந்தார். அதைச் சரிவாக நிறுத்தி ஸ்டிரைக்கரை மேலிருந்து விட்டால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் போய் இடிக்கும். ஒரே ஒரு காயை வைத்து முதலில் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே கோடுதான். பிறகு பத்தொன்பதையும் அடுக்கினோம். காய்கள் அசையாமல் இருக்க எதிர் வீட்டுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கினாள். கிளப் அண்ணனும் வந்து குனிந்து நின்றார்.

விட்டோம். ஒரு கறுப்பு வலது மூலைக்கு ஓடியது.

மறுபடி அடுக்கி விட்டோம். அந்தக் கறுப்பு நடுவிலேயே நின்றது. வெள்ளை ஒன்று இடது பக்கம் பாய்ந்தது.

மூன்றாவது முறை ரெட் காயே பாக்கெட்டின் வாய்வரை போய் நின்றது.

"டீச்சரம்மா, இந்த தபா எது போவும்? ஒரு டீ பந்தயம்!" என்றார் அண்ணன். நான் ஒன்றைச் சொன்னேன், இயற்பியல்காரர் ஒன்றைச் சொன்னார், எதிர் வீட்டுக்காரி ஒன்றைச் சொன்னாள். ஒருவர் சொன்னதும் நடக்கவில்லை. எல்லோரும் போர்டின் மேல் கவிழ்ந்துகொண்டு, "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்று கத்திக்கொண்டிருந்தோம். வெளியே வெயில் தாழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

என் சமன்பாடு எல்லா விடையையும் பிடித்துக்கொண்டு திணறி நிற்கிறது. போர்டு ஒரு நொடிகூட யோசிக்காமல் ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

இறுதிச்சுற்று அடுத்த நாள். ஹாலில் நிற்க இடமில்லை. டாஸில் ஜெயித்து முதல் அடி எங்களுக்கு வந்தது. எதிர் வீட்டுக்காரி ஸ்டிரைக்கரை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அடிக்கட்டும்க்கா?"

"தெரியாது."

"இம்புட்டு நாளா கணக்குப் போட்டுட்டுத் தெரியாதுன்னா எப்படிக்கா?"

"எனக்கு மட்டுமில்ல, யாருக்குமே தெரியாது! உனக்குப் பிடிச்ச மாதிரி அடி!"

நான் எதற்கு இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தாள். எங்கள் வெள்ளை ஒன்று ஒரு மூலையில் விழுந்தது. அதே சமயம் எதிராளியின் கறுப்பு ஒன்று இன்னொரு மூலையில் விழுந்தது. கூட்டம் கத்திய கத்தலில் ஹாலின் ஜன்னல் அதிர்ந்தது. கடைசிவரை இழுபறியாகப் போன ஆட்டத்தில், எதிர் ஜோடி ரெட் காயைப் போட்டு, அடுத்த அடியிலேயே அதற்கு ஃபாலோவாகத் தங்கள் காய் ஒன்றையும் போட்டுவிட்டார்கள். நாங்கள் தோற்றோம். இரண்டாம் பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது தெருமுனைவரை அவள் டப்பாவை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "சரி, சொல்லுங்க, ஏன் தெரியாது?" என்றாள். மூன்று காய், இரண்டு சமன்பாடு என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அந்தக் காயிக்காச்சும் தெரியுமாக்கா, தான் எங்க போகப்போறோம்னு?"

நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஹாரன் அடித்தபோதுதான் ஓரமாக நகர்ந்தேன்.

திங்கட்கிழமை முதல் வகுப்பிலேயே அந்த மூன்று காய்களைப் பலகையில் வரைந்து, "விடை சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டேன். கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து வந்து சண்டை போட்டார்கள். மணி அடித்தும் யாரும் வெளியே போகவில்லை. "அப்படின்னா எது மேடம் சரி, கணக்கா, காயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "ரெண்டும் சரி. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

இந்த வயதில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். கேலி செய்யவில்லை. "காலைல டிபன் நான் பாத்துக்கறேன்" என்றார். பல்கலைக்கழகத்தில் எனக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று கேட்க ஒரு பேராசிரியரை முதல் தடவை பார்க்கப் போனபோது, என்ன தலைப்பு என்று கேட்டார். கேரம் என்றேன். சிரித்தார். நான் காகிதத்தில் வரைந்து காட்டக் காட்டச் சிரிப்பு நின்றுபோய், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டுகளையும் ஒரு ரப்பரையும் வரிசையாக அடுக்கி, "எங்கே, இடிங்க பார்ப்போம்" என்றார்.