பலம் இருக்கு, தரம் இல்ல

அக்கரப்பத்தனைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயம் இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் மலை இருக்கிறது. மலை சரியப்போவதை முன்கூட்டியே அறிந்து, அந்த மழைக்காலம் முழுக்க எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் எங்கள் வீட்டு டிவி டிஷ். நாங்கள் அதைத் திட்டித் திட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தோம்.

டிஷ்ஷை வாங்கி வந்தவர் அம்மாவின் தம்பி. கொழும்பில் ஒரு மின்சாமான் கடையில் நின்றவர். வேலை போனதும் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவுக்கு வந்து சேர்ந்தார். லயத்துக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் கானோரமாகக் குழி தோண்டி, இரும்புக் கம்பம் நட்டு, சீமெந்து போட்டு, அதன் தலையில் டிஷ்ஷை மாட்டினார். மாலையானால் லயமே எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் கூடி நாடகம் பார்த்தது. வேலையில்லாத மாமாவுக்கு அங்கே இருந்த மரியாதை அந்தப் படம்தான்.

மழை பிடித்ததும் படம் போக ஆரம்பித்தது. மாமா வயரைக் கழற்றிப் பூட்டினார். பெட்டியை அணைத்துப் போட்டார். கடைசியில் திரையில் இரண்டு கோடுகளை வரவழைத்துக் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்.

"மேல இருக்கிறது சிக்னலோட பலம். வயரும் டிஷ்ஷோட மூக்கும் நல்லாருக்குன்னு அர்த்தம். கீழ இருக்கிறது தரம். டிஷ் சாட்டலைட்டச் சரியாப் பாத்தாத்தான் அது ஏறும். இப்பப் பாருங்க, பலம் இருக்கு, தரம் இல்ல."

என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், நம் உச்சந்தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிறதாம். டிஷ் ஒரு விரற்கடை பிசகினாலும் படம் போய்விடுமாம். கோள் நகரவில்லையென்றால் டிஷ்தான் நகர்ந்திருக்க வேண்டும். இதுவரை மாமாவின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நகர்த்தியது யார் என்று தேடிப் போனார். கம்பத்தில் பக்கத்துக் காம்பிரா அத்தையின் ஆடு கட்டியிருந்தது.

"ஆட்ட வேற எடத்துல கட்டுங்கக்கா. இழுத்து இழுத்துக் கம்பத்தச் சாய்ச்சிருச்சு."

"சீமெந்து போட்ட கம்பத்தையா தம்பி? அவ்ளோ பலசாலின்னா நாளைக்குக் காலையில எனக்குப் பதிலா அதையே வேலைக்கு, பெரட்டுக்கு அனுப்புறேன். அதுக்கே பேர் போட்டுச் சம்பளம் குடுக்கட்டும்."

லயம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. பேச்சு முற்றியது. அத்தை ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். நாடகம் பார்க்க வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

மாமா பின்னால் நின்று டிஷ்ஷைத் திருப்புவார். நான் திரையைப் பார்த்துக் கத்துவேன்.

"வந்துருச்சா புள்ள?"

"இல்ல மாமா."

"இப்ப?"

"வந்துருச்சு."

சில நாளில் மறுபடி போகும். ஆடு இல்லாமலே போனது. அதைச் சொல்லி அத்தையைக் கூப்பிட்டு வா என்றார் அம்மா. "பாத்துக்கலாம் விடுக்கா" என்றார் மாமா. அந்த வாரங்களில் எங்கள் கதவும் சாத்த மறுத்தது. மழையில் மரம் ஊதிவிட்டதென்று அப்பா அதைச் செதுக்கினார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்றைச் சரிசெய்யத் தெரிந்திருந்தது.

மலை ஒரு பகலில் இறங்கியது. பெரியவர்கள் தள்ளி வேறு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், நான் பள்ளிக்கூடத்தில். மாமா டிஷ்ஷுக்குப் புது மூக்கு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அத்தை மட்டும் காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். அவரை மண்ணிலிருந்து எடுக்க மறுநாள் ஆயிற்று. ஆடு எங்கோ மேய்ந்துகொண்டிருந்தது.

எங்களைப் பள்ளிக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். மாமா சுவரோரம் உட்கார்ந்து, உள்ளங்கையை டிஷ் மாதிரி குவித்து, மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கந்தான் திருப்புனேன்க்கா. ஒரே பக்கம். பள்ளத்தப் பாத்துச் சாஞ்சத மலைப் பக்கமா."

மாமா தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறார், ஒருவரும் பாராட்டவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஆமா மாமா, ஒவ்வொரு தடவையும் படம் வந்துச்சு" என்றேன்.