ஆளில்லாத கோல்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டை ஆளில்லாமல் விடக்கூடாது. அம்மா வெளியே போனால் அப்பா இருப்பார், அப்பா போனால் அம்மா இருப்பார். கல்யாண வீடு, செத்த வீடு, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், எதற்கும் ஒருவர்தான் வருவார். இத்தனைக்கும் அது ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், ஒரு வாடகை வீடு. கள்ளன் வந்தால் ஒரு பழைய தொலைக்காட்சியையும் அம்மாவின் இடியப்பத் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகலாம். இதைச் சொன்னால் அப்பாவுக்கு முகம் கறுத்துவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரு இடப்பெயர்வின்போது, இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்று நம்பி வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர் அவர். திரும்பிப் போனபோது கதவும் இல்லை, கதவு நிலையும் இல்லை. அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள், கையால் பந்தெறிந்து கோல் போடுகிற ஹான்ட்பாலில் கோல்கீப்பராக வந்ததில் என்ன புதுமை என்று என் அணிக்காரிகள் பகிடி பண்ணுவார்கள். பரம்பரைத் தொழில் என்பார்கள். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் உண்மையில் எனக்கு அந்த இடம் பிடித்ததற்குக் காரணம், அங்கே நின்றால் ஒருவரும் என்னை நகரச் சொல்லமாட்டார்கள் என்பதுதான். பந்து வரும், நெஞ்சிலோ தொடையிலோ சில நாட்களில் முகத்திலோ படும், நான் நிற்பேன். அவ்வளவுதான் வேலை.

பெண்கள் முதலாம் லீக்கில் எங்கள் அணி இருந்தது. ஜெர்மனியின் முதலாம் லீக்கில் விளையாடுகிறாள் என்று கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள், நான் ஏதோ மாளிகையில் இருப்பதாக நினைத்தார்கள். காலையில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் ஊராரின் முழங்கால்களை மடக்கி நீட்டிவிட்டு, பின்னேரம் பயிற்சிக்கு ஓடுகிற வாழ்க்கை அது. எங்கள் மண்டபம் பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கானது. ஆட்டநாளில் வாசலில் யாரோ வீட்டில் செய்த கேக்கும் கோப்பியும் விற்பார்கள். மேல்வரிசையில் ஒரு கிழவர் பெரிய முரசு ஒன்றை வைத்து அடித்துக்கொண்டே இருப்பார். பந்து கையில் ஒட்டுவதற்காகப் பூசுகிற பிசின் தரையெல்லாம் படிந்து, நடக்கும்போது சப்பாத்தைப் பிடித்து இழுக்கும். எனக்கு அந்த இடத்தை அவ்வளவு பிடிக்கும்.

அந்தக் கடைசி சீசன் தொடங்கும்போதே பிழையாகப் போய்விட்டது. எங்களின் பலமான எறிகாரிக்கு ஆகஸ்டிலேயே முழங்கால் நார் அறுந்தது. அவள் இல்லாமல் எங்களால் கோல் போட முடியவில்லை. பயிற்சியாளர் கணக்குப் போடுகிற மனிதர். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹான்ட்பாலில், தாக்கும்போது கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு இன்னொரு ஆட்டக்காரியை இறக்க விதி இடம் கொடுக்கிறது. அப்போது எதிரணியின் ஆறு பேருக்கு எதிராக நாங்கள் ஏழு பேர். ஆனால் அந்த நேரம் முழுக்க எங்கள் கோலில் ஆளிருக்காது. பந்து பறிபோனால் கூடுதலாக வந்தவள் வெளியே ஓடவேண்டும், களத்தின் ஓரத்து வாங்கில் இருக்கிற நான் எழும்பி உள்ளே ஓடவேண்டும். அதற்குள் எதிரணிக்காரி தன் பக்கத்திலிருந்தே பந்தைத் தூக்கி எங்கள் வெறும் வலைக்குள் எறிந்துவிட்டால், எறிந்ததுதான்.

அந்த வருடம் நான் பந்து பிடித்ததைவிட ஓடியதுதான் அதிகம். பயிற்சியாளர் கையைச் சுழற்றிக் காட்டுவார், நான் கோலை விட்டு ஓடுவேன். பிறகு திரும்பி ஓடுவேன். எனக்கு அது வெறுத்தது. அதை மறைக்கவும் எனக்குத் தெரியாது, வாங்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன்.

எங்கள் மண்டபத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு அப்பாவின் முறை. நான் கோலை விட்டு ஓடியதும் அவர் எழும்பி நின்றதைக் கண்டேன். ஆட்டம் முடிந்து கார் தரிப்பிடத்தில் கேட்டார்.

“ஏன் பிள்ளை அதை அப்பிடியே விட்டிட்டு ஓடுறாய்?”

விதியை விளங்கப்படுத்தினேன். ஆறு பேர், ஏழு பேர் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“விளங்குது. ஆனா பாக்க ஏலாமக் கிடக்கு.”

அதற்குப் பிறகு அவர் வந்த ஆட்டங்களில் எல்லாம் ஒன்றைக் கவனித்தேன். மண்டபத்தில் எல்லோரும் பந்து இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மற்றப் பக்கம் திரும்பி எங்கள் வெறும் கோலைப் பார்த்துக்கொண்டிருப்பார், தான் கண்ணை எடுத்தால் யாராவது புகுந்துவிடுவார்கள் என்பது போல. அம்மாவின் முறை வந்தால் கதை வேறு. அவ ஆட்டத்தையே பார்ப்பதில்லை, என்னை மட்டும் பார்ப்பா. அப்போது அப்பா வீட்டில் காவலிருந்து, கைத்தொலைபேசியில் நேரலையைப் பார்ப்பார். கமரா பந்தின் பின்னாலேயே போகிறது, உன்னைக் காட்டுகிறானில்லை என்று அந்த முகம் தெரியாத கமராக்காரனைத் திட்டுவார்.

குளிர்காலம் முழுக்கத் தோற்றோம். வெளியூர் ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது முதலில் பாட்டு நின்றது, பிறகு பேச்சு நின்றது. ஜனவரிக்குப் பிறகு ஆளுக்கொரு ஜன்னல். தோற்கத் தோற்கத் தோல்வி பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை.

பிப்ரவரியில் கழகத்து நிர்வாகிகள் எங்களை உடைமாற்றும் அறையில் வைத்துச் சொன்னார்கள். கடைசி இடத்தில் முடித்தால் இரண்டாம் லீக்குக்கு இறங்கவேண்டும், அப்படி இறங்கினால் அணியையே கலைத்துவிடுவார்கள். ஒருவருக்கும் ஒப்பந்தம் இல்லை. என் வயதில், இரண்டு தோளும் தேய்ந்த கோல்கீப்பரை வேறு கழகம் எடுக்காது. அணி போனால் என் ஆட்டமும் போச்சு. அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், அந்தாள் நித்திரை கொள்ளாது என்று அம்மா சொன்னா. அதனால் அப்பாவைப் பொறுத்தவரை அது ஒரு கூடாத சீசன் மட்டுமே. கூடாதது போய் நல்லது வரும் என்று ஒவ்வொரு தோல்விக்கும் ஆறுதல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மே மாதக் கடைசி ஆட்டம் எங்கள் மண்டபத்தில். எங்களைவிட ஒரே ஒரு புள்ளி குறைவாகக் கடைசி இடத்தில் இருந்த அணிதான் எதிரணி. சமநிலையில் முடித்தாலே நாங்கள் தப்பிவிடுவோம். அந்தக் கிழமை வீட்டுக்குப் போய், இரண்டு பேரும் சேர்ந்து வாருங்கள் என்று கேட்டேன். இவ்வளவு காலத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அப்பா குசினியில் கோப்பையைக் கழுவிக்கொண்டே நின்றார், கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினார்.

“அப்ப வீட்டிலை ஆர் நிக்கிறது?”

அம்மா அவரைப் பார்த்தா. மூன்று நாள் கழித்து அப்பா ஃபோன் எடுத்து, வாறம் என்றார். பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும், புறப்படும்போது குசினியில் வானொலியைச் சத்தமாகப் போட்டு, விளக்கை எரியவிட்டு, தன் சப்பாத்து ஒரு சோடியை வாசலில் வைத்து, பாதிப் படி இறங்கியவர் திரும்பவும் ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாராம்.

உடம்பைச் சூடாக்கும்போது மேலே பார்த்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என் வாழ்நாளில் அவர்கள் இருவரையும் ஒரு பொது இடத்தில் அப்படி ஒன்றாகப் பார்த்தது அதுதான் முதல்முறை. அம்மா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுக்க அப்பா வாங்கிக் குடித்தார். கலியாணமான புதிதில் இப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அன்று நான் நன்றாக நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வந்த பந்தெல்லாம் என்னைத் தேடி வந்தமாதிரி இருந்தது. கடைசி நிமிடத்தில் ஆட்டம் சமநிலை, பந்து எங்கள் கையில். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்டக்காரி ஒருத்தியை நடுவர் இரண்டு நிமிடம் வெளியே அனுப்பினார். பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார். இந்த முறை நான் கோலில் நிற்கிறேன் என்று கேட்டேன். முடியாது என்றார். ஐந்து பேரால் பந்தை வைத்திருக்க முடியாது, நீ வெளியே வந்தால் ஆறு பேர் ஆகும், பந்து எங்களிடம் இருந்தால் போதும் என்றார். கணக்குச் சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குப் பிழை பிடிக்கத் தெரியவில்லை.

அவர் கையைச் சுழற்ற நான் ஓடினேன். ஓடும்போது மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒன்றும் நடக்க முதலே அப்பா எழும்பி நின்றார். அம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தா.

எங்கள் அணிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். இப்படியே முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஒரு பாஸ் வழுக்கியது, எதிரணிக்காரி குறுக்கே கையை விட்டுப் பந்தைப் பிடித்துவிட்டாள். நான் வாங்கிலிருந்து பாய்ந்தேன். அவள் நின்ற இடத்திலிருந்தே எறிந்தாள். பந்து என் தலைக்கு மேலால், அவசரமே இல்லாமல் போனது. நான் கோலுக்கு முன்னால் விழுந்தபோது அது ஏற்கெனவே வலைக்குள் உருண்டுகொண்டிருந்தது. அதோடு நேரம் முடிந்தது, கடைசி இடம் எங்களுக்கு.

முரசுக் கிழவர் கடைசி அடியை அடிக்கக் கையை ஓங்கி, அப்படியே இறக்கிவிட்டார். எங்கள் பிள்ளைகள் தரையில் கிடந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். தரையிலிருந்த பிசின் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது, அதை உரித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு அவர்களோடு காரில் போனேன். அப்பா வழமையைவிட வேகமாக ஓட்டினார். மூன்றாம் மாடிக்குப் படியேறும்போதே குசினி வானொலி கேட்டது, யாரோ ஒருவன் நாளைய காலநிலையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் சப்பாத்து வைத்தபடி இருந்தது. அப்பா கதவைத் திறந்து, ஜாக்கெட்டையும் கழற்றாமல் ஒவ்வொரு அறையாகப் போய் வந்தார். யன்னல் கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தார். குளியலறைக் கதவையும் திறந்து பார்த்தார். பிறகு குசினிக் கதிரையில் போய் உட்கார்ந்தார். நிம்மதியான முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை, எதையோ தொலைத்தவர் மாதிரி இருந்தார்.

“ஒருத்தரும் வரேல்லை,” என்றார்.

அம்மா வானொலியை நிறுத்தினா. எங்கள் வீடு இவ்வளவு அமைதியானது என்று எனக்கு அதுவரை தெரியாது. அப்பா கதவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார், கனநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் தோல்விக்கு ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“செப்டம்பரிலைதானே பிள்ளை திரும்பத் துவங்குது? இனி எல்லா ஆட்டத்துக்கும் ரெண்டு பேருமா வாறம்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைக்கத் திரும்பிவிட்டா.

“ஓம் அப்பா,” என்றேன்.