பந்தை யார் வாங்குவது?

எங்கள் அணியைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒருநாளும் பிந்தி வந்ததில்லை. தோற்பதற்கு அவ்வளவு அவசரம்.

மேற்கு சிட்னியில் கோடை முழுக்கக் கிரிக்கெட் விளையாடும் எங்கள் பழைய மாணவர் சங்கம், குளிர்காலத்தில் உடம்பு ஊதிவிடக்கூடாது என்று பேஸ்பால் போட்டி ஒன்றில் பெயர் கொடுத்தது. கடைசிப் பிரிவுதான். எனக்கு முழங்கால் சரியில்லை, அதனால் இறங்கி விளையாடவில்லை. ஆனால் கம்பி வேலிக்கு வெளியே மடக்குக் கதிரையைப் போட்டு, பென்டில் ஹில் கடையில் வாங்கிய ரோல்ஸைக் கடித்துக்கொண்டு கத்துவதற்கு முழங்கால் எதற்கு? அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வியாதி பந்து எறிவதில் இருந்தது. பேஸ்பாலில் பந்து தரையில் படாமல், நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் இடையில் போகவேண்டும். நான்கு பந்து பிழைத்தால் துடுப்பாட்டக்காரர் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். எங்களுக்கு எறிபவரோ இருபது வருடம் வேகப்பந்து வீசியவர், எல்லோருக்கும் அண்ணை. அவருடைய கை பழக்கதோஷத்தில் பந்தை அளவாகத் தரையில் குத்தி எழுப்பும். கிரிக்கெட் என்றால் விக்கெட் விழுந்திருக்கும். இங்கே நடுவர் தலையை ஆட்டுவார், எதிரணிக்காரர் மட்டையை வைத்துவிட்டு நடப்பார். ஒருநாள் ஒரே சுற்றில் ஆறு பேர் நடந்தார்கள். டொக்டர் சொல்லி உலாத்த வந்தவர்கள் மாதிரி இருந்தது.

இதற்கு அந்த விளையாட்டிலேயே மருந்து உண்டு. அணியின் மனேஜர் மைதானத்தின் நடுவுக்குப் போய்க் கையை நீட்டுவார். எறிபவர் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருவார், வேறொருவர் எறிவார். யாரும் கோபிப்பதில்லை. எங்கள் மனேஜர் பள்ளிக்கூடத்தில் அண்ணைக்கு நாலு வகுப்புக் கீழே படித்தவர். அவரும் நடுவுக்குப் போவார்.

"அண்ணை, தண்ணி வேணுமோ?"

"வேண்டாம்."

"அப்ப சரி அண்ணை."

திரும்பி வந்துவிடுவார். அடுத்த கிழமை தோடம்பழம் உரித்துக்கொண்டு போனார்.

"சுகம் விசாரிக்கவோ போனனீர்? பந்தை வாங்கும்!" என்று நான் வேலிக்கு வெளியே நின்று கத்துவேன்.

"நீர் வந்து வாங்குமன்!" என்பார்.

நிர்வாகத்திடம் போனேன். விளையாட ஒன்பது பேர் சேர்ப்பதே பெரும்பாடு, நிர்வாகக் குழுவில் மட்டும் பதினொரு பேர். மேல்சட்டையின் நிறத்தைப் பற்றி இரண்டு மணித்தியாலம் வாதாடினார்கள். எறிபவரை மாற்றுவது பற்றி நான் வாய் திறந்ததும் எல்லோருக்கும் ஒன்றாகத் தேத்தண்ணி ஞாபகம் வந்துவிட்டது.

இப்படியே கடைசி ஆட்டம் வந்தது. அதுவரை ஒன்றுகூட வெல்லவில்லை. ஒரேயொரு வெற்றி, அது போதும் என்றிருந்தது எனக்கு. வேலையிடத்தில் திங்கட்கிழமை யாராவது கேட்டால் சொல்லவாவது வேண்டாமா? அந்த நேரம் பார்த்து மனேஜருக்கு மெல்பேர்னில், வெரிபீயில், அக்கா மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு.

"சீசன் முழுக்கக் கத்தினனீர்தானே, இந்தக் கிழமை நீரே பாரும்" என்று போனில் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

கடைசிச் சுற்று. மூன்று ஓட்டம் முன்னுக்கு நிற்கிறோம். எதிரணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தாயிற்று, இன்னும் ஒருவர் போதும். அண்ணை வரிசையாக மூன்று பேரை நடக்கவிட்டார். மூன்று தளமும் நிரம்பிவிட்டது, இனி ஒருவர் நடந்தாலும் எதிரணிக்குச் சும்மா ஓர் ஓட்டம். ஓரத்தில், அன்றைக்கென்று நான் தேடிப்பிடித்த மாற்று எறிபவர் கையைச் சுழற்றிக்கொண்டு தயாராக நிற்கிறார். வேலியோரம் என் கதிரையில் இருந்த மகள், நான் சீசன் முழுக்கக் கத்தியதை இங்கிலீஷில் எனக்கே கத்தினாள்.

"டேக் த பால், அப்பா!"

நடந்தேன். கையை நீட்டத்தான் போனேன், சத்தியமாக. கிட்டப் போய் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையோடு நான் வெளியே வந்த அன்று, வாசலில் காருடன் நின்றவர் அவர். அதற்கு முன் என்னைக் கண்டதுகூட இல்லை. ஏழு மாதம் தன் வீட்டு முன்னறையில் வைத்திருந்தார். எப்ப போகிறாய் என்று ஒருநாளும் கேட்காத மனிதரைப் பார்த்து, வெளியே போங்கோ என்று எந்த வாயால் சொல்வது?

"என்ன?" என்றார்.

"சப்பாத்து நாடா அவிண்டு கிடக்கு, அண்ணை."

அவிழவில்லை. நான் குனிந்து, முழங்கால் கத்தக் கத்த, நானே அதை அவிழ்த்து, நானே கட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்தவரும் நடந்தார், ஓர் ஓட்டம். அதற்கடுத்தவர் ஓங்கி அடித்த பந்து வேலியில் போய் மோத, தளங்களில் நின்ற மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஓர் ஓட்டத்தால் தோல்வி.

அண்ணை வழக்கம்போல என் காரில்தான் வந்தார். பின் இருக்கையில் பையை வைக்க வலக்கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்திப் பல்லைக் கடித்தார். நான் பையை வாங்கி வைத்தேன்.

"ஒரு மாசமா இந்தத் தோள் தூக்கேலாது" என்றார்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"ஒருத்தரும் பந்தைக் கேக்கேல்லை. வேற ஆள் இல்லையாக்கும் எண்டு எறிஞ்சனான். இண்டைக்கு நீ நடந்து வரேக்க, அப்பாடா, வாங்கப் போறான் எண்டு நினைச்சனான். நீ சப்பாத்தைக் கட்டிப்போட்டுப் போறாய்."

பின்னால் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெட்கம்தான் கூட. மரியாதை மரியாதை என்று எல்லோருமாகச் சேர்ந்து அந்தத் தோளைத் தின்றிருக்கிறோம். அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, ஆட்டப்பந்து இன்னும் அவர் மடியில் கிடந்தது. கையை நீட்டினேன்.

"பந்தைத் தாங்கோ, அண்ணை."

"இப்பதான் வாய் வந்ததோ?" என்று கேட்டபடி, இடக்கையால் எடுத்துத் தந்தார்.