மிச்சம் பொறுக்கப் போனவள்

வர்தாவுக்குச் சொந்தமாக ஓர் ஆலிவ் மரம்கூடக் கிடையாது. ஆலிவை நம்பிப் பிழைக்கும் இத்லிப் சீமையில் அப்படிச் சொன்னால் நாதியில்லை என்று அர்த்தம். புருஷன் செத்ததிலிருந்து, தோட்டச் சொந்தக்காரர்கள் அறுவடை முடித்துப் போனபின் மகள் ஹலாவோடு இறங்கி, கிளையில் தப்பியதையும் மண்ணில் உதிர்ந்ததையும் பொறுக்குவாள். அது ஏழைகளின் பங்கு, யாரும் தடுக்கமாட்டார்கள். சொந்தக்காரரின் கடைசி மூட்டை வண்டியேறும் முன் தோட்டத்தில் கால் வைப்பதுதான் மானக்கேடு. அதில் ஆட்டிய எண்ணெயை நம்பித்தான் இருவரின் வருடமும் ஓடியது.

தோட்டங்கள் இப்போது போர்முனையில் மாட்டிக்கொண்டிருந்தன. மேட்டில் துருக்கிக்காரர்களின் முகாம். எதிர் மலையில் ருஷ்யர்கள் தாங்கிப் பிடித்த சொந்த நாட்டு அரசின் படை. இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்களும் எங்கோ உட்கார்ந்து தேநீர் குடித்து, இத்லிபுக்குள் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டில் யாருடைய வயிறு கிடக்கிறது என்று எவன் பார்த்தான்?

அறுவடை நெருங்கவும், தோட்டச் சொந்தக்காரர் நஸூஹ், பறிக்கும்வரை சுடாமலிருக்கக் கேட்டு முகாமுக்கு நடையாய் நடந்தார். துருக்கியர் ருஷ்யரிடம் பேசினார்கள். ஒருநாள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“பேசி முடிச்சாச்சு! வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சுடமாட்டாங்களாம்.”

“எங்களுக்கு எப்பண்ணே?” என்றாள் வர்தா.

“நீ எப்பவும்போல எங்க பின்னாடியே வா தாயி. பொறுக்கறதுக்கெல்லாமா முகாம்ல போய் நாள் கேப்பாங்க?”

வியாழன் அந்திவரை சொந்தக்காரர்கள் பறித்தார்கள். வெள்ளி காலையில் வர்தாவும் ஹலாவும் வாளியோடு இறங்கினார்கள். பயமாகத்தான் இருந்தது. நஸூஹே வரச் சொல்லியிருக்கிறாரே என்று ஒரு தைரியம். எதிர் மலையிலிருந்து குண்டு வந்து விழுந்தது. புழுதி அடங்கியதும் வர்தா பார்த்தாள். ஹலா மரத்தடியில் கிடந்தாள். கூப்பிடக் கூப்பிட எழவில்லை.

அடக்கம் முடிந்ததும் நஸூஹ் வர்தாவைத் துருக்கியர் முகாமுக்கு அழைத்துப் போனார். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். மொழிபெயர்ப்பாளன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

“ரொம்ப வருத்தப்படுறாராம். ருஷ்யாக்காரங்ககிட்டயும் கேட்டுட்டாராம். பேச்சு வியாழக்கிழமையோட முடிஞ்சுதாம். யாரும் வாக்கு மீறலையாம்.”

வர்தா அதிகாரியை விட்டுவிட்டு நஸூஹ் பக்கம் திரும்பினாள்.

“இவங்க அசலூர்க்காரங்க, எங்களத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமேண்ணே. வருஷா வருஷம் உங்க பின்னாடிதானே வந்தோம்? எங்களுக்குன்னு ஒரு நாள் கேக்க உங்களுக்கு வாய் வரலையா?”