ஷூ பசையில் போன ஆறு ஈக்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை பார்த்த என் கணவர், மீன் தூண்டிலுக்கான பொய் ஈக்களை இறகாலும் நூலாலும் கையாலேயே கட்டுவார். அவர் இறந்தபின் ஆறுதான் மிஞ்சின. சுவரில் மாட்ட வேண்டும் என்று துபாயிலிருக்கும் மகள் கேட்டாள்.

எங்கள் ஊரில் உடைந்த வாளியைக்கூட ஷூ பசையால்தான் ஒட்டுவோம். அவசரக்குடுக்கையான நான் அதையே அப்பி ஈக்களை ஒட்டி, காயுமுன் கண்ணாடி ஃபிரேமை மூடி, கூரியரில் அனுப்பிவிட்டேன்.

பார்சலைப் பிரித்த மகள் போனில் அழுதாள். "இன்னாம்மா பண்ண? பசை ஆவியில கண்ணாடியெல்லாம் மங்கிப்போச்சு. இறகெல்லாம் பசையில ஊறி கட்டியாய்டுச்சு!"

"கெட்டியா நிக்கட்டும்னு ஜாஸ்தியா வெச்சிட்டேன்டி" என்றேன்.

இப்போதெல்லாம் ஃபிரேமுக்குள் எதையும் நூலால் தைத்துத்தான் வைக்கிறேன். அவர் கட்டிய ஈதான் ஒன்றுகூட இல்லை.