நாகலூர் லைனில் கலாவதி

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கலாவதி பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்ததும் எங்கள் ஏற்காட்டு அநாதைப் பிள்ளைகள் விடுதியை விட்டு வெளியேறி, நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் வேலையும், தொழிலாளர் வரிசையில் ஒரு லைன் வீடும் வாங்கியவள். 1983, ஜூன் மாதம். வெளியே போன பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவருவதும் விடுதியில் என் வேலைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருந்தேன்.

கதவு விரியத் திறந்திருந்தது. முப்பது பேரோடு ஒரே கூடத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கதவு வழியாகத்தான் நல்லமுத்து வந்தான். அவளுடைய தாய்மாமன், நாற்பது வயது. தாய் செத்ததும் இவளை எங்கள் வாசலில் விட்டுப் போனவன், பிறகு எட்டிப் பார்த்ததே இல்லை.

"அக்கா மவ எனக்குத்தான் முறை. கெளம்பு கண்ணு."

"பத்து வருசமா அந்த முறை எங்கீங்க மாமா போயிருந்துச்சு?" பழத்திலிருந்து அவள் கண்ணெடுக்கவில்லை.

கூந்தலைப் பிடித்து இழுத்து அவள் முகத்தைச் சுவரில் மோதினான். உதடு கிழிந்தது. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்துக் கழுத்தில் போட்டு, ஒரு முடிச்சும் போட்டுவிட்டான். நான் சொம்பால் அவன் முதுகில் அடித்தேன். அவன் உதறியதில் அடுப்படியில் போய் விழுந்தேன். அவள் கையைப் பிடித்தான், எண்ணெயில் வழுக்கியது. வழுக்கிய கை அரிவாளை எடுத்தது. அவனுடைய இரண்டு விரல்கள் பலாச்சுளைகளுக்கு நடுவே விழுந்தன.

அவன் கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, கொடியில் கிடந்த தாவணியைக் கிழித்து இறுக்கிக் கட்டி, எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அதற்குள் லைனே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பாவாயி சொன்னாள்: "ஒரு முடிச்சு உழுந்துபோச்சே. இனி அவன் பொண்டாட்டிதானுங்க."

"அப்ப இவளுக்கு லைன் ஊடு எதுக்குங்கம்மா? புருசனோட போகட்டும்," என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மரியதாஸ் என்னிடம்.

கலாவதி கயிற்றை அவிழ்த்து மடியில் செருகினாள். ரத்தத்தைத் துப்பினாள். "காலையில வேலைக்கு வர்றேனுங்க," என்று சொல்லிவிட்டு, பழத்தைக் குப்பைக்குழியில் கொட்டப் போனாள்.

மறுநாள் காலை மிளகுக் கொடி கட்டும் வேலை. பாவாயியும் ரைட்டரும் பார்த்துக்கொண்டிருக்க, வீங்கிய உதட்டோடு அந்த மஞ்சள் கயிற்றை எடுத்தாள். ஒரு கொடியை மரத்தோடு சேர்த்து மூன்று முடிச்சும் இறுக்கிப் போட்டாள்.

ரைட்டர் தொண்டையைச் செருமினார். "அடுத்த வரிசையையும் நீயே பாத்துக்க, சாமி."

அவள் கொடி கட்டும் நார்க்கற்றையை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.